அரசுத் துறையே தீர்ப்பை மதிக்காவிட்டால் என்ன வழி?

வழக்கில் ஜெயித்தும் அரசுத் துறை தீர்ப்பைக் கிடப்பில் போட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாள் என்றால் சொத்தை ஜப்தி செய்யலாம். அரசுச் சொத்தைப் பல நாடுகளில் அப்படித் தொட முடியாது. அதனால் நீதிமன்றங்கள் வேறு விதமாக நெருக்குகின்றன.

பிரான்சில் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும்படி உத்தரவிடலாம். ஜெர்மனியில் ஒரு தடவைக்கு 10,000 யூரோ வரைதான். மியூனிக் காற்று மாசு வழக்கில் பவேரிய மாநில அரசு அபராதத்தைக் கட்டிவிட்டு, தீர்ப்பை நிறைவேற்றாமல் சும்மா இருந்தது. கட்டிய பணமும் அதே மாநிலக் கருவூலத்துக்கே போனது! இடப்பையிலிருந்து வலப்பைக்கு.

இந்தியாவில் வழக்கமான ஆயுதம் நீதிமன்ற அவமதிப்பு மனு. ஓராண்டுக்குள் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அதிகாரி நேரில் வர வேண்டும் என்று உத்தரவு வந்தால், அதுவரை தூங்கிய கோப்பு பெரும்பாலும் தானாக நகரும்.