பி.எட். படித்தது வீணா?

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, ஜூனிலிருந்து ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பி.எட்.டில் முதல் வகுப்பில் தேறியவள் நான். ஆனால் பிள்ளைகள் முன்னால் நின்றால் படித்த எதுவும் கைகொடுக்கவில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று பாதி வகுப்பு எழுதியிருக்கிறது. திரும்ப நடத்தினேன், திரும்பவும் அதே விடை. இரண்டு வருடமும் வீண்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

வீண் இல்லை. ஆனால் உங்களுக்குச் சேரவேண்டியது முழுதாக வந்து சேரவில்லை. அதில் எனக்கும் கோபம் உண்டு.

பி.எட். மாணவர் குறைந்தது 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதி. படிப்பு ஈராண்டானதும் அதனோடுதான். நல்ல விதி. ஆனால் பல பள்ளிகளில் பயிற்சிக்கு வருபவரை, ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாலையில் அவர் ரெக்கார்டு எழுதுகிறார், சார்ட்டுக்கு வண்ணம் தீட்டுகிறார், செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வருவதற்குள் கையெழுத்துக்கு அலைகிறார். அவர் பாடம் நடத்துவதை அனுபவமுள்ள ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, "அந்தப் பையன் கேட்டதை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்பதுதானே பயிற்சி? அதற்குத்தான் ஆள் இல்லை. அப்புறம் எழுதும் தகுதித் தேர்விலும் 150 கொள்குறி வினாக்கள்தான். பாடம் நடத்துவதை அங்கேயும் யாரும் பார்ப்பதில்லை.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இலேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். கணக்கு தெரிந்திருக்கலாம், கற்பித்தல் முறைகளும் தெரிந்திருக்கலாம். இந்தக் கணக்கில் இந்த வயதுப் பிள்ளை எங்கே இடறும் என்பது தனி அறிவு. உங்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

உங்கள் பிள்ளைகள் கவனமில்லாமல் எழுதவில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், தனித்தனியே கூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். மீச்சிறு பொது மடங்கை எத்தனை முறை சொன்னாலும் இந்த நினைப்பு போகாது. 30 செ.மீ. நீளத்துக்குத் தாள் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள். பாதி 15, மூன்றில் ஒன்று 10. இரண்டையும் ஒட்டி வைத்து அளக்கச் சொல்லுங்கள், 25 வரும். அவர்கள் சொன்ன ஐந்தில் இரண்டு 12தான். "பதினஞ்சோட இன்னும் சேர்த்தோமே, எப்படிக் குறைஞ்சது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களே பேசட்டும். விதிக்கு அப்புறம் வரலாம்.

சரி, கல்லூரி செய்யாததை இப்போது நீங்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் பள்ளியின் மூத்த கணக்கு டீச்சரிடம் வாரம் ஒரு பீரியட் உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஓய்வு பீரியட் வரும்போது அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். பிள்ளைகள் தப்பாகப் போடும் விடைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.