சிட்னி ஜிப்பன் முனையில் உள்ள பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா? "போனால் வெறும் பாறைதான் தெரியும்" என்கிறார்களே, உண்மையா?

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நடுப்பகலில் மட்டும் போகாதீர்கள். "வெறும் பாறைதான்" என்று சொல்கிறவர்கள் அநேகமாக உச்சிவெயிலில் போய்ப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே இருப்பது மணற்பாறை, கோடுகள் ஆழம் குறைந்தவை, காற்றும் மழையும் உப்பும் அவற்றை இன்னும் தேய்த்துவிட்டன. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது கோட்டுக்குள் நிழல் விழாது, அதனால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. அதே பாறையைக் காலையில் சீக்கிரமோ, மாலையில் வெயில் சாய்ந்த பிறகோ பாருங்கள், ஒரு பக்க விளிம்பின் நிழல் கோட்டுக்குள் விழுந்து முதலில் ஒரு வளைவு தெரியும், அதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால் திமிங்கலத்தின் முதுகும் வாலும் கிடைக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகும் நன்றாகத் தெரியும், ஈரம் கோட்டுக்குள் தங்கியிருப்பதால்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அந்தக் கோடுகளேதான். நம் ஊரில் அம்மி கொத்துகிறவர் புள்ளி புள்ளியாகக் கொத்துவாரே, அப்படித்தான் இவர்களும் முதலில் சின்னச் சின்னக் குழிகளை வரிசையாகக் கொத்திக்கொண்டு, பிறகு குழிகளுக்கு நடுவில் இருக்கும் பாறையைத் தேய்த்துத் தேய்த்து ஒரே கோடாக இணைத்திருக்கிறார்கள். இரும்பு இல்லை, கல்லை வைத்துக் கல்லில் செய்த வேலை. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் கோட்டின் ஓரம் இன்னும் குழி குழியாக, ஏற்ற இறக்கமாக இருப்பது தெரியும். திமிங்கலம், திருக்கை, கங்காரு, மனித வடிவம் என்று எல்லாமே வெளிக்கோடு மட்டும்தான், உள்ளே நிரப்பவில்லை. அவ்வளவு பெரிய உருவத்தைத் தரையில் குனிந்து செதுக்கிக்கொண்டே அளவு பிசகாமல் கொண்டுவந்திருக்கிறார்களே, அது சாதாரணக் கை இல்லை.

இது தராவல் என்ற பழங்குடி மக்களின் நிலம். எத்தனை வருடப் பழமை என்று அப்பா கட்டாயம் கேட்பார். பாறையில் போட்ட கோட்டை நேரடியாகக் காலம் கணிப்பது மிகவும் கடினம், அதனால் யாராவது அடித்துச் சொல்லும் எண்ணை நம்பவேண்டாம். 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினார்கள், அடுத்த வருடமே பெரியம்மை பரவி இந்தக் கரையோர மக்களில் ஏராளமானோர் இறந்துபோனார்கள். செதுக்கல்களோடு சேர்ந்த கதைகளில் எவ்வளவு அப்போது போயிருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. ஆனால் "அழிந்துபோன மக்கள்" என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பக்கத்தில் லா பெரூஸிலும் மற்ற இடங்களிலும் இன்றைக்கும் வாழ்கிறார்கள், இந்த இடம் அவர்களுக்கு இன்றைக்கும் முக்கியமானது.

அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: பாறையைச் சுற்றி உயர்த்திக் கட்டிய நடைமேடை இருக்கிறது, அதிலிருந்தே பாருங்கள், இறங்காதீர்கள். படம் தெளிவாக விழவேண்டும் என்று கோட்டில் சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. மணற்பாறை செருப்புக்கே பொடிந்து உதிரும். இவற்றைச் சேதப்படுத்துவது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1974ஆம் வருட தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆனால் சட்டம் இல்லையென்றாலும் கோவில் சிற்பத்தின் மேல் ஏறி நிற்க நமக்கு மனசு வராது இல்லையா, அந்த மனசு இங்கேயும் இருக்கட்டும். நல்லது செய்வதாக நினைத்தே கெடுத்ததும் உண்டு. சிட்னியிலேயே போண்டி என்ற இடத்தின் கால்ஃப் மைதானத்தில் இருக்கும் செதுக்கல்களை 1960களில் நகராட்சியே ஆழமாகத் திரும்ப வெட்டிவிட்டது, இப்போது அங்கே பழைய கை எது, புதிய கை எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

சரி, போகும் வழி. சிட்னியின் தெற்கே உள்ள க்ரோனுல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை, அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் பண்டீனா என்ற சின்ன ஊர். அதன் பிறகு ஜிப்பன் கடற்கரை வழியாக நடை, போய்ச் சுற்றி வர சுமார் 5 கிலோமீட்டர். ஏற்றம் பெரிதாக இல்லை, ஆனால் கடற்கரை மணலில் நடப்பது முழங்கால் வலி இருப்பவர்களுக்குச் சிரமம், அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்ட் வரை போகும் 26 கிலோமீட்டர் கடலோரப் பாதையை இதோடு சேர்க்கவே வேண்டாம், அது தனிக் கதை. தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள்.

மாதம் கேட்டால் ஜூன், ஜூலை என்பேன். அங்கே அப்போதுதான் குளிர்காலம், சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே போகும், கோடுகள் தெரியும் நேரம் அதிகம். அப்புறம், கூனல்முதுகுத் திமிங்கலங்கள் வடக்கே போகும் பருவமும் அதுதான், முனையில் நின்று கடலைப் பார்த்தால் நீர் பீய்ச்சுவது தெரியலாம். மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதாக இருந்தால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பண்டீனாவில் இறங்கும்போதே பார்த்துவையுங்கள்.