பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு எதற்கு நூலகம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி நூலகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோட்டை மாதிரி கோபுரங்களோடு நிற்கிறது என்று ரசித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருமே நூலகப் படியை மிதித்ததில்லை. வீட்டில் புத்தகம் என்று இருப்பது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கறுப்பு அட்டை நோட்டு ஒன்றுதான். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஒரு வரி புரியாது.

என் மகன் இப்போது என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வுக்குத் தயாராகிறான். தமிழ் வழியில் படித்தவன். "ஓடத் தெரிஞ்சா போதாதா, இவ்ளோ புக்கு இன்னாத்துக்கு?" என்கிறார் அப்பா. சுடக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவ்வளவு பெரிய நூலகம் வெறும் பந்தாதானே?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பந்தாவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1841-ல் அந்தக் கட்டடத்தை எழுப்பிய டெலாஃபீல்ட் என்ற அதிகாரிக்குப் பழைய ஆங்கிலேயக் கோட்டைச் சாயலில் ஒரு மயக்கம். நம் வேலூர்க் கோட்டை மதிலையும் அகழியையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது நாடக செட் மாதிரிதான் தெரியும். (வேலூர் என்றதும் 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் போய்விடுவேன் என்று பயப்படாதீர்கள். இன்றைக்கு இல்லை.) ஆனால் அந்த நூலகத்தின் கோபுரத்தில் இருந்தது தொலைநோக்கி. விண்மீனைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடத் தெரியாத அதிகாரி எப்படி வரைபடம் போடுவான்?

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடம் இன்னும் நிற்பது போல எழுதிவிட்டேன், தவறு. 1961-ல் இடித்துவிட்டு வேறு கட்டினார்கள். இப்போது நூலகம் இருப்பது 2008-ல் திறந்த ஜெஃபர்சன் ஹாலில்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பந்தா அல்ல. 'தமிழ் வழியில் படித்தவன்' என்ற மூன்று சொற்கள்.

வெஸ்ட் பாயின்ட் 1802-ல் தொடங்கியது. கோட்டை, பாலம், சாலை கட்டத் தெரிந்த பொறியாளர்களை உருவாக்குவதுதான் பெரிய நோக்கம். ஆனால் அந்த வித்தைக்கான நல்ல நூல்கள் அன்று இருந்தவை பிரெஞ்சில். 1815-ல் சில்வனஸ் தேயர் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து சுமார் 1000 நூல்களோடு திரும்பி, கல்லூரித் தலைவரும் ஆனார். நூல் வந்துவிட்டது, படிப்பது யார்? பண்ணை வீட்டுப் பையன்களுக்கு பிரெஞ்சு எங்கே தெரியும்? எனவே பிரெஞ்சைப் பாடமாக வைத்தார்கள். பேசுவதற்கல்ல, அலமாரியில் இருப்பதைப் படிப்பதற்கு.

இதைவிட எனக்குப் பிடித்தது குரோஸே கதை. நெப்போலியன் படையில் இருந்தவர், 1816-ல் அங்கே ஆசிரியராக வந்தார். பாடம் நடத்தப் போனால், அடிப்படையான வரைவடிவியலே, அதாவது ஒரு பொருளின் வடிவத்தைத் தாளில் துல்லியமாக வரைந்து காட்டும் கணக்கே, மாணவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அதற்குப் பாடநூலும் கிடையாது. அவருடைய ஆங்கிலமோ தடுமாற்றம். என்ன செய்வார்? கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்தார், வரைந்து வரைந்தே நடத்தினார். 1821-ல் அதை ஆங்கிலத்தில் நூலாகவும் போட்டார். சொந்த மொழியில் நூல் இல்லாத நிலை நமக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை.

உங்கள் அப்பாவின் கட்சிக்கும் அங்கே ஓர் ஆள் உண்டு, பாதி அளவுக்கு. யுலிசஸ் கிரான்ட் 1839-ல் அங்கே சேர்ந்தவர், பின்னாளில் தளபதி, குடியரசுத் தலைவர். அவருக்குப் படைவாழ்க்கையில் ஆசையே இல்லை. கல்லூரியை மூடிவிட நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தபோது, அது நடந்துவிடாதா என்று செய்தித்தாளில் தேடியிருக்கிறார். நூலகத்திலிருந்து எடுத்துப் போய் அறையில் படித்தது பெரும்பாலும் நாவல்கள். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆக, நூலகம் இருந்தால் பாடநூலைத்தான் படிப்பான் என்ற உத்தரவாதமெல்லாம் கிடையாது.

உங்கள் மகன் விஷயம் எளிது. என்டிஏ இருக்கும் கடக்வாஸ்லாவில் மூன்று வருடப் பயிற்சியின் முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கொடுக்கிறார்கள். ஓட்டத்துக்கு மட்டும் பட்டம் தர மாட்டார்கள். அங்கே நூலகத்துக்கு வியாசர் பெயர். ஒரு போரையே முழுசாகச் சொன்னவரின் பெயர், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இப்போதிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும், அதை அவனிடம் மறைக்க வேண்டாம்.

இனி அந்தக் கறுப்பு நோட்டு. வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் சிப்பாய்களுக்குப் பொதுமொழி உருது. பாரசீக எழுத்தைக் கற்றுக்கொடுக்க நேரம் ஏது? அதை ஆங்கில எழுத்திலேயே எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ரோமன் உருது என்று பெயர். பாடம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. உங்கள் தாத்தாவின் நோட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் முறையாக இருக்கலாம், வரைபடம் பார்க்கும் பாடமாக இருக்கலாம். தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் இன்னொருவர் மொழியை மூன்றாமவர் எழுத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

வேலூரில் உருது தெரிந்தவருக்கா பஞ்சம்? யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, மகனை அந்த நோட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து இவனுக்குத் தெரியும், அர்த்தம் அவருக்குத் தெரியும். அப்பாவும் கூட இருக்கட்டும். முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.