தனுஷ்கோடியில் பூநாரைப் படங்கள் மங்கலாக விழுவது பற்றி

லென்ஸை சர்வீசுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். கோதண்டராமர் கோயிலருகே பகல் 11 மணிக்கு, 600 மி.மீ. லென்ஸில் 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தும் பூநாரைகளின் கழுத்து நெளிந்து விழுந்ததாகச் சொல்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் கானலே காரணம். வெயிலில் மணலும் ஆழமற்ற நீரும் சூடேறும்போது, அவற்றை ஒட்டிய காற்று அடுக்குக்கு அடுக்கு வெப்பம் மாறி, பறவையிலிருந்து வரும் ஒளியை வளைத்துவிடுகிறது. தொலைவு கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும் என்பதால், ஷட்டர் வேகத்தை உயர்த்துவதால் மட்டும் இது தீராது.

தொடர்ச்சியாக எடுத்த இருபது படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பறவையின் கண் ஒரு படத்தில் தெளிவாகவும் அடுத்ததில் குழைந்தும் இருந்தால் அது கானல். எல்லாவற்றிலும் பறவை மங்கி, அதற்கு முன்னாலுள்ள சேறு மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் பிழை. பிறகு ஒருநாள், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், அதே தொலைவில் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த வேளையில் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவையின் முதுகிறகு விளிம்புகள்கூட எனக்குத் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன.

காருக்குள்ளிருந்து எடுப்பதானால் ஏசியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். ஜன்னலில் கலக்கும் குளிர்காற்றும் படத்தைக் கெடுக்கும்.

தொலைவைக் குறைப்பதற்காகச் சேற்றில் இறங்கி நெருங்குவது மட்டும் வேண்டாம். இப்பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தவை கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி அருகில் போய்விட்டீர்கள்.