பட்டியலை மூடிவிட்டு ஒரு ஸ்கேலை எடுங்கள்

உங்கள் மகள் தினமும் முப்பது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறாள், வாரக் கடைசியில் ஐந்துகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவளுடைய ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத சொற்களை அகரவரிசையில் விழுங்கினால் யாருக்கும் இதே கதிதான். நுழைவுத் தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறதே, போதும்.

இதே புகாரோடு வந்த ஒரு பையனிடம் மேசையில் கிடந்த ஸ்கேலைக் கொடுத்து, "இதற்கு இன்னொரு பெயர் என்ன?" என்று கேட்டேன். "ரூலர்." "நாட்டை ஆள்பவருக்கு?" கொஞ்சம் யோசித்தான். "அதுவும் ரூலர்தான்." ஏன் என்று கேட்டால் முழித்தான். விடை தமிழிலேயே இருக்கிறது. அளவுகோலும் கோல்தான், செங்கோலும் கோல்தான். கோல் நேராக நின்றால் நல்லாட்சி, வளைந்தால் கொடுங்கோல். லத்தீனிலும் இப்படித்தான்: 'ரெகெரே' என்றால் நேராக நடத்துவது, ஆள்வது, இரண்டும்.

அந்த வேர் கையில் கிடைத்ததும் அவனே அடுக்கினான்: கரெக்ட், டைரக்டர், ரெகுலர், ரெக்டாங்கிள். எல்லாம் தெரிந்த சொற்கள். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் பட்டியலில் மிரட்டுகிற சொற்களும் வழிக்கு வரும். ரெக்டிஃபை என்றால் கோணலை நிமிர்த்துவது. ரெக்டிட்யூட் என்றால் நேர்மை. நாமும் 'நேர்' என்பதிலிருந்துதானே அதைச் செய்தோம்! எவ்வளவு நிமிர்த்தினாலும் நிமிராத ஆள் இன்காரிஜிபிள். அரசனுக்குப் பதிலாக ஆள்பவர் ரீஜென்ட். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் ரெக்டம், அதாவது மலக்குடல், என்பதற்கு 'நேரான குடல்' என்று பொருள் சொன்னால் சிரிப்பார்கள், அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து 'டூகெரே', அதாவது இட்டுச் செல்வது. கண்டக்டர், இன்ட்ரொட்யூஸ், தண்ணீரைக் கொண்டுசெல்லும் அக்விடக்ட், முன்நின்று நடத்தும் பிரபுவான டியூக் எல்லாம் இந்தக் குடும்பம். இதை அவளே விரித்துக்கொள்வாள்.

கணினித் துறைக்குப் போக ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவளுக்கு இது பிடிக்கும். கவர்ன்மென்ட் என்ற சொல் கப்பலிலிருந்து இறங்கி வந்தது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பதற்கு இருந்த சொல்லை லத்தீன் 'குபெர்னாரே' என்று எடுத்துக்கொண்டது, அதிலிருந்துதான் கவர்ன். 1948-ல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தன் துறைக்கு அதே கிரேக்க வேரிலிருந்து சைபர்நெடிக்ஸ் என்று பெயர் வைத்தார். இன்று நாம் சைபர் செக்யூரிட்டி என்னும்போது அதன் தலைப்பகுதியைத்தான் சொல்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. 'ரெக்', 'ரெஜ்' என்று காதில் விழுவதெல்லாம் இந்தக் குடும்பம் ஆகிவிடாது. ரெஜிஸ்டர் வேறு வேர், சுமப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. அரசரைக் குறிக்கும் சாவரின் இன்னும் வேடிக்கை: 'மேலே' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, ரெயின் என்ற ஆட்சிச் சொல்லைப் பார்த்து எழுத்துக்கூட்டலில் ஒரு ஜி-யை ஒட்டிக்கொண்டது. பொருளும் காலப்போக்கில் நகர்ந்துவிடும். மினிஸ்டர் என்பவர் வேரின்படி பணியாள், 'குறைந்தவர்' என்பதிலிருந்து வந்த பெயர். இன்று எந்த அமைச்சரிடம் போய் அதைச் சொல்வது? அதனால் வேரை வைத்து ஊகிக்கட்டும், ஆனால் அகராதியைப் பார்த்து உறுதி செய்யாமல் எழுத வேண்டாம்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு வேர், சுற்றிலும் முதலில் அவளுக்குத் தெரிந்த சொற்கள், அதற்கு வெளியே புதியவை. ஒரு வேருக்கு இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தில் அந்தக் குடும்பத்துச் சொற்களை அவள் பென்சிலால் வட்டமிடட்டும். தேர்வில் வேரைக் கேட்க மாட்டார்கள், வாக்கியத்தில் பொருத்தத்தான் சொல்வார்கள். பழைய பட்டியலைக் கடைசி மாதம் வெளியே எடுத்தால் போதும்.