கஷ்டமான நாட்களையும் வாழ்க்கையில் விழும் அடிகளையும் நீங்கள் எப்படி நிதானமாகச் சமாளிக்கிறீர்கள்?

நான் நிதானமாகச் சமாளித்தேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். நிதானமாக இருந்த ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் அப்பா.

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தால், தோப்பு இருந்த பக்கம் வெறும் வானம் தெரிந்தது. தென்னை எங்களுக்குச் சம்பளம் மாதிரி. 45 நாளைக்கு ஒரு வெட்டு. அதை நம்பித்தான் சீட்டு, ஸ்கூல் ஃபீஸ், அக்கா கல்யாணக் கடன் எல்லாம்.

பக்கத்துத் தோப்புக்காரர் அன்றைக்கே விழுந்த மரங்களை எண்ண ஆரம்பித்தார். நூறைத் தாண்டியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா எண்ணவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய், போர் செட் வரைக்கும் ஒரு ஆள் நடக்க வழி வெட்டினார். அன்றைய வேலை அது மட்டும்தான். மறுநாள், மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்து கிடந்த மரம். அதற்கு மறுநாள் மட்டைகளை இழுத்துச் சேர்த்தார். அம்மாவும் அத்தையும் கீற்று முடைந்தார்கள். ஓடு பறந்துபோன வீடுகளுக்குக் கூரை வேண்டுமே. கரண்ட் வரப் பல நாள் ஆனது. இருட்டில் படுத்துக்கொண்டு அப்பா கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நாளைக்குக் காலையில என்ன வேலை?"

அவரை ஞானியாக்கிவிட வேண்டாம். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள்தான் எண்ணிச் சொன்னார்கள்: 260 மரத்தில் 214 போச்சு. மரத்துக்கு 1,100 ரூபாய், வெட்டி அகற்றும் செலவும் அதற்குள்ளேயே. அன்றைக்கு அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அம்மா மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு.

ஆனால் தோப்பு ரொம்ப நாள் படுக்க விடாது. விழுந்த மரம் கிடந்து மக்கினால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அப்புறம் புதிதாக வைக்கும் பிள்ளையின் குருத்தைத் துளைத்துவிடும். (எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று யாரும் சொல்வதில்லை, தென்னம்பிள்ளைதான்.) அதனால் கேட்ட விலைக்குச் செங்கல் சூளைக்கு மரத்தை ஏற்றிவிட்டு, 2019 ஐப்பசியில் 25 அடிக்கு ஒன்றாக நெட்டைப் பிள்ளை வைத்தோம். நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை நடுவில் போட்ட உளுந்தும் கடலையும்தான் கஞ்சி ஊற்றின.

2023இல் எனக்கு வேலை போனது. பத்து நாள் வீட்டில் சொல்லவில்லை. ஐடி கார்டை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை மாத இஎம்ஐ பாக்கி, என் வயதுக்காரன் எவன் எங்கே இருக்கிறான் என்று ஒரே கணக்கு. கடைசியில் போனில் அப்பாவிடம் சொன்னேன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, நாளைக்குக் காலையில என்ன வேலை வச்சிருக்க?" என்றார்.

ஒரு வேலையும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "பைக் இன்சூரன்ஸ் முடியுது, கட்டணும்." "அதைப் பாரு" என்று வைத்துவிட்டார். மறுநாள் அதை மட்டும் பார்த்தேன். அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான்.

இந்த வருஷம் புது மரங்களில் பாளை வெடித்திருக்கிறது. எத்தனை மரத்தில் என்று அப்பாவிடம் கேட்டேன், எண்ணவில்லை என்றார். அம்மா போனைப் பிடுங்கி, "பதினொண்ணு" என்றார்.