உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் எல்லோரும் தலைவருக்குத் தலையாட்டுகிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

கேட்டவர் புதிதாக இயக்குநர் ஆனவர். எல்லாமே தலைவர் வீட்டுத் திண்ணையில் முடிவாகிவிடுகிறது, கூட்டம் கையெழுத்துப் போட மட்டும்தான் என்கிறார். நானும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனத்தில் இயக்குநர்தான், அதனால் எழுதுகிறேன்.

தலையாட்டுகிறவர்களைக் கோழைகள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் ஒருவருக்கு மாமா, இன்னொருவருக்குப் பங்காளி, மூன்றாமவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். கூட்டத்தில் மறுத்துப் பேசினால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வருமா என்று யோசிக்கிற ஊரில், "தைரியமாகப் பேசுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. பேசினாலும் உறவு கெடாது என்கிற மாதிரி நடைமுறை இருந்தால் அவர்களே பேசுவார்கள்.

எங்களிடம் நன்றாக வேலை செய்தது, தலைவரைக் கடைசியில் பேச வைத்தது. முன்பெல்லாம் அவர் "இந்த விலைக்கே கொடுத்துடலாம், என்ன சொல்றீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்கப்புறம் யார் என்ன சொல்ல? இப்போது புதியவர்களிடமிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறோம். அதுவரை கதவோரம் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, தன் முறை வந்ததும், "மண்டியில டன்னுக்கு இவ்வளவுன்னு எடையில கழிவு புடிக்கிறாங்கன்னுதானே நாம கம்பெனி ஆரம்பிச்சோம்? நாமளும் எதுக்குப் புடிக்கிறோம்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. நிறுவனத்தின் அன்றாட வேலைகளைச் சம்பளத்துக்குப் பார்க்கும் சி.இ.ஓ. எடைச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். அழுகல் காயைத் தனியே எடைபோட்டு, அதை மட்டும் கழிப்பது என்று அன்றே தீர்மானம் ஆனது.

சொந்த லாபம் என்பது இன்னும் கூச்சமான விஷயம். ஒரு இயக்குநரிடம் சரக்கு வண்டி இருக்கும், ஒருவர் மண்டி வைத்திருப்பார், ஒருவரின் மச்சான் உரக்கடை நடத்துவார். இதெல்லாம் இல்லாத ஆட்களை வைத்துத்தான் குழு அமைப்பேன் என்றால் குழுவே அமையாது. அது குற்றமும் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். எங்கள் வண்டிக்காரர் முதல் தடவை "நான் என்ன திருடனா?" என்று முறைத்துக்கொண்டுதான் எழுந்து போனார். அவர் போன பிறகே மற்றவர்கள், போச்சம்பள்ளியிலிருந்து மாங்கூழ் ஆலைக்கு வெளிவண்டி என்ன வாடகை கேட்கிறது என்று விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னார்கள். கடைசியில் வேலை அவருக்கே போனது, கொஞ்சம் குறைந்த வாடகைக்கு. அவரைப் பற்றிய முணுமுணுப்பும் அதோடு நின்றது.

இதற்கெல்லாம் கம்பெனிச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இயக்குநர் கூட்டம், வருஷத்துக்குக் குறைந்தது 4. பொதுவாக 7 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வந்திருக்க வேண்டியவர்கள், இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 3 பேருக்குக் குறையாமல். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த 7 நாளைத்தான். அறிவிப்போடு வங்கி இருப்பு, சரக்கு இருப்பு, ஆலைக்காரர்கள் தர வேண்டிய பாக்கி மூன்றையும் ஒரே தாளில் கேளுங்கள். கணக்கைக் கூட்டத்தில் வாயால் படித்துக் காட்டினால் யாராலும் கேள்வி கேட்க முடியாது.

சீசனில் இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயின் விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வாட்ஸ்அப்பில் நாலு கட்டைவிரல் விழுந்ததும் லாரி கிளம்பிவிடும். நாங்கள் சீசனுக்கு முன்பே, இன்ன விலை வரை சி.இ.ஓ.வே முடிவெடுக்கலாம், அதற்குக் கீழே போனால் குழுவைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுகிறோம். அதே மாதிரி, ஒவ்வொரு இயக்குநரும் தனித்தனியாக சி.இ.ஓ.வுக்குப் போன் போட்டு "எங்க ஊருக்கு முதல்ல உரம் இறக்கு" என்று உத்தரவு போடுவதும் நிற்க வேண்டும். அந்தப் பையன் ஒருவன், முதலாளிகள் பத்துப் பேர் என்றால் எத்தனை நாள் தாங்குவான்?

எங்கள் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குழுவில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சூடு ஏறினால் பேச்சு அதற்கு மாறிவிடும், மற்றவர்கள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு விதி எல்லாம் போடவில்லை, யாராவது "தமிழ்ல சொல்லுங்கண்ணா" என்றால் போதும்.

கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும். அன்றே எழுதி, படித்துக் காட்டி, அப்புறம் கையெழுத்து. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் "ஒருமனதாக" என்று எழுத விடாமல், உங்கள் பெயரையும் காரணத்தையும் ஒரு வரியில் பதியச் சொல்லுங்கள்.

தலைவர் எதற்குமே மசியவில்லையா? ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்டால், சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் ஊரையே இரண்டாக்கும் வழி அது. அதற்கு முன்பு ஒரு சீசனாவது மேலே சொன்னவற்றை முயன்று பாருங்கள்.